பெங்களூர் அக்கார்டியன்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவாஜிநகரிலும் அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் பிரேசர் டவுனிலும் மர்பி டவுனிலும், கோலார் தங்கவயலை விட்டு இங்கே வந்து குடியேறிய வீடுகளிலும் அக்கார்டியன் வாசிக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தாத்தாவின் பெட்டி என்று அதைப் பீரோவுக்கு மேலே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதே வணக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கவே எழுதுகிறேன். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளின் நாட்டுப்புற மெட்டுகளை இந்த ஊரில் நாம் சேர்ந்து வாசிக்க வேண்டும். கேட்டவுடன் ஊருக்கும் ஆசைக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த வடக்கத்திய மெட்டுகளில் இரண்டு ஏற்கெனவே உங்களில் பலருடைய விரலில் இருக்கின்றன.

ஒன்று, ‘ஹவ் கிரேட் தௌ ஆர்ட்’. தமிழிலோ ஆங்கிலத்திலோ அதை ஒரு தடவையாவது வாசிக்காத ஆலயக் குழு நம் ஊரில் அரிது. அதன் சொற்களை 1885இல் எழுதியவர் கார்ல் போபெர்க், தென்கிழக்கு ஸ்வீடனின் மோன்ஸ்டெரோஸ் ஊர்க்காரர். மெட்டு அவர் போட்டதில்லை. அங்கே மக்கள் பாடிவந்த பழைய நாட்டு மெட்டு. வேர்ம்லாந்து பகுதியில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது, தன் கவிதையை மற்றவர்கள் அந்த மெட்டில் பாடுவதை அவரே அங்கேதான் கேட்டார். 1891இல் முதன்முதலாக அச்சில் வந்தபோது அது மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் இருந்தது. 1894இல் வந்த பாட்டுப் புத்தகம் அதை நான்காக்கியது. நாம் இன்று வாசிப்பது அந்த நான்குதான். பிறகு அந்தப் பாட்டு இந்தியா வழியாகவும் போயிருக்கிறது. 1954 வாக்கில் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் ஒரு நாகா பாடகர் குழு அதைப் பாடக் கேட்டவர் எட்வின் ஓர் என்ற நற்செய்திப் பணியாளர். அவர்தான் அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். 1957இல் பில்லி கிரஹாமின் நியூயார்க் கூட்டங்களுக்குப் பிறகு உலகமே பாடியது.

இரண்டாவது, ‘மாக்கிங்பேர்ட் ஹில்’. நம் ஊர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர்களிடம் பேர் சொன்னால் போதும், தோள் ஆட ஆரம்பித்துவிடும். பேட்டி பேஜ் பாடி 1951இல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்ற அந்தப் பாட்டின் அடியில் இருப்பது கார்ல் யூலார்போ 1915இல் அமைத்த ஸ்வீடிய வால்ட்ஸ். யூலார்போ (1893–1966) அக்கார்டியன்காரர். ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த நாடோடிக் குடிவழியில் பிறந்து, சிறுவனாகவே போட்டிகளில் பெரியவர்களைத் தோற்கடித்தவர். நம் பெட்டியை வைத்தே ஒரு தேசத்தின் காதைப் பிடித்தவர் அவர்.

ஆக, நமக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்தவை ஒரு பக்திப் பாட்டும் ஒரு வால்ட்ஸும். வந்து சேராதது அந்த நாடுகளின் உயிரான ஆட்ட மெட்டுகள்: ஸ்வீடனின் போல்ஸ்கா, நார்வேயின் ஸ்பிரிங்கார், ஹாலிங். அவற்றுக்காகத்தான் இந்த மடல்.

அந்த வடக்கத்தியர்கள் நம் பக்கம் வராதவர்கள் இல்லையே. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கியது 1620இல். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை இருநூறு வருஷங்களுக்கு மேல் அங்கே இருந்தார்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயர் எர்ன்ஸ்ட் ஹூமான் ஒரு ஸ்வீடன்காரர். நம் பெங்களூரிலேயே, மில்லர்ஸ் ரோட்டில் இருக்கும் ஐக்கிய இறையியல் கல்லூரிக்கு 1911 முதல் 1924 வரை முதல்வராக இருந்த எல்.பி. லார்சன் டேனிஷ்காரர், தமிழ் விவிலியத்தின் திருத்தப் பணிக்குத் தலைமை தாங்கிய தமிழறிஞர். இவர்கள் கொண்டுவந்தது ஞானப்பாட்டுப் புத்தகம். ஆட்ட மெட்டைக் கொண்டுவரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்வீடனிலும் நார்வேயிலும் எழுந்த பக்தி எழுச்சிகளில் பிடிலைச் சாத்தானின் கருவி என்று சொல்லி உடைத்தார்கள், நெருப்பில் போட்டார்கள். மிஷனரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆர்வம் வளர்ந்ததும் அதே எழுச்சிகளின் காலத்தில்தான். கல்யாணத்தில் விடிய விடிய ஆடிய மெட்டுகள் அவர்களோடு கப்பல் ஏறாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். விட்டுப்போன அந்தப் பாதியை எடுத்து வாசிப்பது நம் கையில் இருக்கிறது.

பிடிலுக்கு நேர்ந்த அவமானம் பிறகு அக்கார்டியனுக்கும் நேர்ந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் நாட்டிலும் அதே கதை நடந்தது. 1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் இந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது ஸ்வீடனின் மரம் வெட்டும் முகாம்களிலும் துறைமுகங்களிலும் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் புகுந்துவிட்டது. ஒரே ஆள், பக்கவாத்தியம் இல்லாமல், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி வாசிக்கலாம். தொழிலாளிக்கு வேறென்ன வேண்டும்? பழைய பிடில் மரபைக் காப்பாற்ற நினைத்த படித்தவர்களுக்கு அதுவே கோபம். ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1906இல் கெசுண்டாவில் நாட்டுக் கலைஞர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார். பிடிலும் கொம்பும் அங்கே மரியாதை பெற்றன, அக்கார்டியனுக்கு இடமில்லை. இசையமைப்பாளர் ஹூகோ ஆல்ஃப்வேனோ, கண்ணில் படும் அக்கார்டியனையெல்லாம் உடைத்துப் போடச் சொன்னார்.

இங்கே என்ன நடந்தது? அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்த ஆங்கிலேயர் ஜான் ஃபோல்ட்ஸ் முன்பே ஆர்மோனியத்துக்கு எதிராக எழுதியிருந்தார். தாகூரும் அதை விரும்பவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல், 1971 வரை அந்தத் தடை நீடித்தது. இரண்டு நாட்டிலும் சொன்ன காரணங்களில் ஒன்று: ரீடின் சுரம் நின்ற இடத்தில் நிற்கும்; கமகம் வராது; இரண்டு சுரங்களுக்கு நடுவே இருக்கும் சுரம் வராது. ஸ்வீடனின் பழைய மெட்டுகளில் பெரிய காந்தாரமும் இல்லாமல் சின்ன காந்தாரமும் இல்லாமல் இடையில் நிற்கும் காந்தாரம் உண்டு. அது பிடிலில் வரும், பெட்டியில் வராது. குற்றச்சாட்டு நியாயமானது என்றே நான் ஒப்புக்கொள்கிறேன். தண்டனைதான் அநியாயம். இவ்வளவு சொல்லியும் இரண்டு இடத்திலும் மக்கள் பெட்டியைக் கைவிடவில்லை. நாடகக் கொட்டகையில், பஜனை மடத்தில், சினிமா ஒலிப்பதிவில் அது பாடிக்கொண்டே இருந்தது. பம்பாயில் கூடி சேர்வாயும் கெர்ஸி லார்டும், சென்னையில் எம்.எஸ். விஸ்வநாதன் குழுவில் மங்களமூர்த்தியும் அக்கார்டியனை நம் காதுக்குள் குடியேற்றியவர்கள். கீபோர்டு வந்து அந்த ஒலியை ஒரு பட்டனுக்குள் அடைத்த பிறகுதான் பெட்டிகள் பீரோ மேலே ஏறின.

இனி மெட்டுக்கு வருகிறேன். நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது இந்தப் பகுதியைத்தான்: போல்ஸ்காவை வால்ட்ஸாக வாசிக்காதீர்கள்.

எழுதிய சுரத்தாளைப் பார்த்தால் இரண்டுக்கும் மூன்று எண்ணிக்கை. அதனால் இடது கை பழக்கதோஷத்தில் ‘பூம்-சிக்-சிக்’ என்று போய்விடும். அந்த நொடியில் போல்ஸ்கா செத்துப்போகும். வால்ட்ஸில் எடை முதல் அடியில் விழுந்து மற்ற இரண்டும் லேசாகப் போகும். போல்ஸ்கா வாசிக்கும் ஸ்வீடன்காரரின் காலைப் பாருங்கள்: முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் தட்டும், இரண்டாவதில் தரையைத் தொடாது. மூன்றாம் அடி அடுத்த வட்டத்துக்குள் தள்ளிவிடும். ஆடுகிறவர்கள் ஜோடியாகச் சுழல்வது அந்தத் தள்ளலில்தான்.

அதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று அடியும் சமமாக இருக்க வேண்டியதில்லை. நார்வேயில் தெலெமார்க் பகுதி ஸ்பிரிங்காரில் முதல் அடி நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குறுகியது. வல்ட்ரெஸ் பகுதிக்குப் போனால் முதலடி குறுகி, இரண்டாவது நீண்டு, மூன்றாவது நடுவில் நிற்கும். ஸ்வீடனின் பூடா ஊர் போல்ஸ்காவில் முதலடி குறுகும். இந்த நீளங்களை நம் மாத்திரைக் கணக்கில் அடக்க முடியாது. நான்கு, ஐந்து, ஆறு என்று வெட்டினால் விறைத்துப்போகும். எட்வர்ட் கிரீக் 1903இல் வெளியிட்ட ‘ஸ்லோட்டர்’ பியானோ தொகுப்பு அந்த ஆட்ட மெட்டுகளிலிருந்தே வந்தது. க்னூட் டாலே என்ற கிராமத்துப் பிடில்காரர் வாசிக்க, யோஹான் ஹால்வோர்சன் எழுதி எடுத்தார். அருமையான தொகுப்பு. ஆனால் தாளில் இருப்பது சம அளவுள்ள மூன்று. அந்தத் தாளை மட்டும் பார்த்து வாசிப்பவருக்கு தெலெமார்க் நடை கிடைக்காது.

இங்கேதான் நமக்கு ஒரு பலம் இருக்கிறது. மிஸ்ர சாப்பை நினைத்துப் பாருங்கள். ஏழு என்று எண்ணித்தானா போடுகிறோம்? ஒரு குட்டை, ஒரு நெட்டை என்று கை தானாகப் போகிறது. சமமில்லாத அடியை உடம்பால் வைத்துக்கொள்வது சின்ன வயதிலேயே நமக்கு வந்துவிடுகிறது. மேற்கத்திய முறையில் மட்டும் படித்த அக்கார்டியன்காரருக்கு அது வர வெகுநாள் ஆகும். ஆகவே முதலில் பெட்டியைக் கீழே வையுங்கள். ஒரு பிடில்காரரின் ஒலிப்பதிவைப் போட்டு, அறைக்குள் நடங்கள். கால் பிடித்த பிறகு வாயால் பாடுங்கள். கடைசியாகத்தான் விரல்.

இடது கைக்கு ஒரு யோசனை. நம் பெட்டியின் பாஸ் பட்டன்கள் பஞ்சம வரிசையில் அடுக்கப்பட்டவை. எந்த பட்டனை சட்ஜமாகப் பிடித்தாலும் மேலே அடுத்திருப்பது அதன் பஞ்சமம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ச-ப தம்புரா வந்துவிடுகிறது. கார்ட் பட்டன் பக்கமே போக வேண்டாம்; அதில் காந்தாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தக் காந்தாரம் என்று தீர்மானிக்க முடியாத பழைய மெட்டுக்கு அது இடிக்கும். நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலில் வில் படும் கம்பிகளுக்குக் கீழே சித்தாரின் தரப் கம்பிகளைப் போல நான்கைந்து கம்பிகள் தாமாகவே அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த முழக்கத்துக்கு நம் பெட்டியில் மிக அருகே வருவது இந்த ச-ப பிடிதான். ஒற்றை ரீடு ஸ்விட்சைப் போடுங்கள். சினிமாப் பாட்டுக்குப் பிடித்த அந்த நடுங்கும் மூன்று ரீடு ஒலி வால்ட்ஸுக்கு இருக்கட்டும்.

துருத்திதான் நம் வில். முதலடிக்கும் மூன்றாமடிக்கும் சின்ன அழுத்தம் விரலிலிருந்து வரக் கூடாது, துருத்தியிலிருந்து வர வேண்டும். இரண்டாமடியில் காற்றை விட்டுப் பிடியுங்கள். கமகம் வராத கருவியில் பாவம் வருவதற்கு இருக்கும் ஒரே வழி இது. இதை நன்றாகச் செய்கிறவரைக் கேட்க விரும்பினால் நார்வேயின் ஃப்ரூடே ஹால்ட்லியைக் கேளுங்கள், பின்லாந்தின் மரியா கலானியெமியைக் கேளுங்கள். ஸ்வீடனின் லார்ஸ் ஹோல்மர் (1948–2008) தானே இட்ட மெட்டுகளில் அந்த மண்ணின் வாசம் வரும்; ‘போவெஸ் சால்ம்’ என்ற அவருடைய மெட்டு கையில் எளிதாக உட்காரும், மனத்தை விட்டு எளிதில் போகாது.

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஊர்வல மெட்டுகள் பெரும்பாலும் சங்கராபரணம். போல்ஸ்காக்களில் பல கீரவாணியையும் நடபைரவியையும் கலந்து போகும், சில கரகரப்பிரியா. ஹார்டாங்கர் மெட்டுகளில் அடிக்கடி பிரதி மத்யமம் வந்து நிற்கும், கல்யாணியின் சாயல் அடிக்கும். ராகம் என்று பேர் வைத்து ஆலாபனைக்குப் போய்விடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அவை ராகங்கள் இல்லை, ஆட்டத்துக்கான மெட்டுகள். எட்டு எட்டு வட்டமாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை, பிறகு மறுபடி முதலிலிருந்து. அந்தத் திரும்பத் திரும்ப வருதலில்தான் போதை ஏறும். சங்கதி வேண்டுமென்றால் மூன்றாவது சுற்றில் ஒரு சின்ன சுழிப்பு, அவ்வளவே.

“நமக்கு எதற்கு இதெல்லாம், நம்முடையது போதாதா?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்கருகே மணலியில் இருந்தபோது ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்து நோட்டுஸ்வரம் என்று கொடுத்தார். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜாவின் கீதத்தின் மெட்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதே காலத்தில் வயலின் கற்றார். அது இன்று நம் கச்சேரியின் பக்கவாத்தியம். சென்னையில் பிறந்த எல். சங்கர் 1980களில் நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கோடு சேர்ந்து ‘விஷன்’, ‘சாங் ஃபார் எவ்ரிஒன்’ என்று இசைத்தட்டுகள் செய்தார். கேட்கிறவர்களிடம் இவ்வளவையும் சொல்லுங்கள். நம்முடையது போதாது என்று நான் சொல்லவில்லை. நம் காது இவ்வளவு அகலமானது, அதைச் சும்மா வைத்திருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று, கல்யாணம். பெண் ஆலயத்துக்குள் நடந்து வரும்போது எல்லா இடத்திலும் வாக்னரின் அதே மெட்டு. ஸ்வீடனில் இதற்கென்றே ஊருக்கு ஊர் மணப்பெண் ஊர்வல மெட்டு இருக்கிறது. யெம்ட்லாந்து பகுதியின் மெட்டு அமைதியானது, நம் பீடத்துக்கு முன்னால் வாசிக்க எந்தக் குருவானவரும் மறுக்க மாட்டார். வெறும் நடைக்கென்றே ‘காங்லோட்’ என்ற வகையும் உண்டு. ரெட்விக் பக்கத்து கேர்டெபி மெட்டு அந்த வகையில் ஸ்வீடன் முழுக்கத் தெரிந்த ஒன்று. அடுத்த முறை கல்யாணத்துக்கு அழைத்தால், மணமக்களிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சம்மதித்துவிட்டால், நம் ஊரில் அந்த மெட்டுகளுக்கு ஒரு உபயோகம் பிறந்துவிடும். உபயோகம் இல்லாத மெட்டு எந்த ஊரிலும் நிற்பதில்லை.

ஸ்வீடனின் ‘ஸ்வென்ஸ்கா லோட்டர்’ என்ற தொகுப்பு 1922 முதல் 1940 வரை 24 பாகங்களாக வந்தது. கிட்டத்தட்ட எட்டாயிரம் மெட்டுகள். அதைத் தேடிப் போய் மலைத்து நிற்க வேண்டாம். ஊருக்கு ஊர் அங்கே ‘ஸ்பெல்மான்ஸ்லாக்’ என்று ஒரு குழு உண்டு. கூடி வாசிக்க மேடை வேண்டியதில்லை. ஒருவர் மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாம் சுற்றில் நுழைவார்கள். டாலர்னா பகுதியின் பிங்ஷோ கிராமத்தில் 1969 முதல் ஜூலை தொடக்கத்தில் நடக்கும் கூட்டத்தில், மரத்தடியில் அங்கங்கே இப்படித்தான் இரவெல்லாம் வாசிக்கிறார்கள். எனக்கு வேண்டியது அதைப் போன்ற ஒரு கூட்டம், யார் வீட்டு மொட்டை மாடியிலாவது. பிடில்காரர்கள் வரட்டும். ஆர்மோனியக்காரர்கள் கட்டாயம் வரட்டும், தடையைச் சேர்ந்து அனுபவித்த சொந்தக்காரர்கள் அவர்கள். ஆடத் தெரிந்த பிள்ளைகள் வந்தால் நம் மூன்றாம் அடி சரியா தப்பா என்று அவர்களுடைய கால் சொல்லிவிடும்.

பெட்டியை இறக்குவதற்கு முன் சில சொற்கள். ரீடுகளை உள்ளே பிடித்து வைத்திருப்பது தேன்மெழுகும் மரப்பிசினும் கலந்த கலவை. நம் ஊர் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையைவிட இங்கே பெட்டிக்கு ஆயுசு அதிகம். ஆனாலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் மெழுகு இளகி ரீடு கழன்றுவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை ஈரத்தில் எஃகு ரீடு துருப்பிடிக்கும், தோல் வால்வு சுருண்டுகொள்ளும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் உள்ளே போட்டு வையுங்கள். பல வருஷம் திறக்காத பெட்டியை பட்டன் எதையும் அழுத்தாமல் வெறுமனே இழுக்காதீர்கள், துருத்தியின் மடிப்பு கிழியும்; காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டு மெல்லத் திறங்கள். சுருதி போயிருந்தால் பழைய ஆர்மோனியம் பழுதுபார்ப்பவரிடம் காட்டலாம். ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்பது இரண்டு கருவிக்கும் பொது. மெழுகு வேலை மட்டும் அவர்களில் சிலருக்குப் புதிது. பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா செப்டம்பர் 8இல் முடிந்ததும் ஆலயக் குழுக்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அதற்கடுத்த ஞாயிறு சாயங்காலத்திலிருந்து தொடங்கலாம். முதல் கூட்டத்துக்கு மூன்று மெட்டு போதும்: கேர்டெபி நடை மெட்டு, யூலார்போவின் அந்த வால்ட்ஸ், பிங்ஷோ போல்ஸ்கா ஒன்று. நான்காவதாக, நீங்கள் எல்லோரும் அறிந்த போபெர்க்கின் பாட்டை 1891இல் இருந்தபடி மூன்று எண்ணிக்கையில் வாசித்துப் பார்ப்போம். சுரத்தாள் தேவையில்லை. துருத்தியில் ஓட்டை இருந்தாலும் பெட்டியைக் கொண்டுவாருங்கள், பசையும் துணியும் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்